சீனியில் வந்து நிற்கும் கை

முதலில் விழுந்தது ஒரு துண்டுப் பழம்தான். சனிக்கிழமை காலை. என் மகள் அபிஷா புட்டும் பழமும் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. வலது கையில் எடுத்த பழம் வாய்க்குப் போகாமல் மடியில் விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. நான் பக்கத்து அறையில் தையல் மெஷினில் இருந்தேன். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது, யூனிஃபாம் துணி என்னைச் சுற்றிக் குவிந்து கிடந்தது.

"பாவாடையில எல்லாம் பெரட்டாத பிள்ளே, ஒழுங்கா தின்னு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது. கோமாளித்தனம் செய்கிறாள் என்று இன்னொரு முறை திட்டினேன். மூன்றாவது முறை திட்ட வாயெடுத்தபோதுதான் அவள் நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

இரண்டு முறை திட்டிய அந்த நேரத்தை நான் பலமுறை கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். மூன்று நிமிடம் இருக்கலாம். அந்த மூன்று நிமிடத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனாலும் கணக்கிடுவதை நிறுத்த முடியவில்லை.

எங்கள் வீடு கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில். கணவர் ராஜன் அன்று பொழியூரில் ஒரு வீட்டுக்கு வயரிங் செய்யப் போயிருந்தார். பக்கத்து வீட்டு ஆட்டோவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முதலில் அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருவனந்தபுரத்துக்கும் போனேன். வழியெல்லாம் அவள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். வார்த்தைகள் குழைந்து, ஒன்றும் விளங்கவில்லை.

ஸ்கேன் எடுத்து, ராஜனும் வந்து சேர்ந்த பிறகு நரம்பியல் டாக்டர் எங்களை வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண். அவர் பேசியது மலையாளத்தில், நான் தமிழில் எழுதுகிறேன். "இது பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி கெட்டுப்போவது). உங்கள் மகளுக்கு வந்தது அடைப்பு."

"கொச்சுப் பிள்ளையளுக்கு இது வருமா டாக்டர்?" என்று கேட்டேன். இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

"வரும். அபூர்வம், ஆனால் வரும். சமீபத்தில் சின்னம்மை போட்டதா?"

ஐந்து மாதத்துக்கு முன் போட்டிருந்தது. வேப்பிலை போட்டுப் படுக்கவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லாம் ஆனது என்று நாங்கள் மறந்தே போயிருந்தோம். வெகு சில குழந்தைகளுக்கு, அம்மை இறங்கிப் பல மாதம் கழித்து, மூளைக்குள் இருக்கும் ஒரு ரத்தக்குழாயின் சுவர் வீங்கிக் குறுகிவிடுமாம். அவளுக்கு அடிபட்டது இடது பக்கத்து அடித்தள முடிச்சுகள் (மூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்புத் திரள்கள்; அசைவுகளைத் தொடங்கவும் அடக்கவும் உதவுபவை). இடது பக்கம் அடிபட்டால் உடம்பின் வலது பக்கம் தளரும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் வீக்கத்துக்கான மருந்தும் கொடுத்தார்கள். கட்டிலில் கிடந்தவளிடம் டாக்டர் "மோளே, ரண்டு கையும் பொக்கிக்கே" என்றார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். இடது கை உயர்ந்தது. வலது கை போர்வையின் மேலேயே கிடந்தது, வேறு யாருடையதோ போல.

அந்தக் கை திரும்பி வந்த கதை நீளமானது. நான் அதைச் சுருக்கமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அந்தக் கதையைத்தான். இயன்முறைச் சிகிச்சை (பயிற்சியால் தசைகளைப் பழக்குவது) தினமும் நடந்தது. முதலில் தோள், பிறகு முழங்கை, கடைசியில் விரல். பயறு மணிகளை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவாள். நாலாவது மாதம் சட்டைப் பட்டனைத் தானே போட்டாள். அன்று ராஜன் கொல்லைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார், ரொம்ப நேரம் கழுவினார். அவளுடைய நடையில் இப்போதும் ஒரு சின்ன இழுப்பு உண்டு. சொன்னால்தான் தெரியும்.

அந்த மாதம் நன்றி சொல்லச் சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருமுறை பைபிள் வசனங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். யார் எத்தனை வசனம் சொன்னார்கள் என்பதை வைத்துத்தான் இங்கே ஒரு பிள்ளையின் மூளையை எடைபோடுவது. அபிஷா நோய்க்கு முன்பு படித்திருந்த பன்னிரண்டு வசனங்களையும் தமிழில், ஒரு சொல் பிசகாமல், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மைக்கைப் பிடித்தது வலது கை. சபையே அழுதது. "பிள்ளைக்க தலைக்கு ஒண்ணும் ஆகல்ல பாத்துக்க" என்று பெண்கள் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் பெரிய தவறு அங்கே, அந்த அழுகைக்கு நடுவில் தொடங்கியது.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனாள். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு மலையாளப் பள்ளி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சாதாரணம்: வீட்டிலும் சபையிலும் தமிழ், பள்ளியில் மலையாளம், கடையில் வாயில் எது வருகிறதோ அது. இரண்டு வாரத்தில் வகுப்பு டீச்சர் கூப்பிட்டார். போர்டில் இருப்பதில் இரண்டு வரி எழுதிவிட்டுப் பென்சிலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறாளாம். கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்கிறாளாம். "கணக்கு நோட்டை எடு, பதினாலாம் பக்கம் திற, மூன்றாம் கணக்கைப் போடு" என்றால் நோட்டை எடுத்துவிட்டு அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சபையில் தமிழில் தங்குதடை இல்லாமல் சொன்னவள், மலையாளத்தில் தடுமாறுகிறாள். எனக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"அவளுக்கு மலையாளம் ஆக்கும் கொழப்பம்" என்றேன் ராஜனிடம். "தமிழு கேடில்லாம இருக்கு. மலையாளத்துக்குத்தான் அடிபட்டிருக்கு."

"டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டிட்டு செய்யலாம் பிள்ளே."

"டாக்டருக்கு நம்ம வீட்டு வெசயம் தெரியுமா? வீட்டுல ஒண்ணு, பள்ளிக்கூடத்துல ஒண்ணு. அடிபட்ட தலை ரெண்டையும் எங்ஙன தாங்கும்?"

ராஜன் என்னோடு வாதாடி ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. எல்லை தாண்டி களியக்காவிளைப் பக்கம் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எல்லை ஊர்க்காரர்களுக்கு மட்டுமே செய்ய வாய்க்கும் தவறு இது. வேறு ஊராக இருந்தால் பழிபோட இரண்டாவது மொழி ஒன்று கைவசம் இருந்திருக்காது.

பழைய பள்ளியில் ஆரியா என்று ஒரு சிநேகிதி இருந்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் அம்மாவின் போனிலிருந்து குரல் செய்தி அனுப்பியவள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து "அபீ, அடுத்தது" என்று முழங்கையால் இடிப்பவளும் அவள்தான். அந்த இடிதான் என் மகளுக்கு அப்போது கிடைத்துக்கொண்டிருந்த ஒரே வைத்தியம் என்பது எனக்குத் தெரியாது. அதையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன்.

புதுப் பள்ளியில் ஒரு மாதம் டீச்சர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அதே புகார்கள் வந்தன, இந்த முறை தமிழில். டிபன் பாக்ஸ் தொலைந்தது, குடை தொலைந்தது. ஒரு செருப்போடு வீட்டுக்கு வந்தாள். காலையில் குளித்து உடுத்தி வரச் சொன்னால், அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்க்கும்போது ஒரு காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். ஒரு நாளில் எட்டு சுடிதார் வெட்டித் தைக்கிறவள் நான். கை மெதுவாகப் போவதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. கை வந்துவிட்டது, கால் வந்துவிட்டது, வாய் வந்துவிட்டது, இனியும் என்ன? நோய் போய்விட்டது, மிச்சம் இருப்பது சோம்பல், செல்லம் கொடுத்ததால் வந்த வினை என்று முடிவு செய்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் பத்து வரி எழுத வைத்துவிட்டு மெஷினுக்குப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு வரிதான் இருந்தது. நோட்டின் ஓரத்தில் ஒரு பூ வரைந்திருந்தாள். துணி அளக்கும் மர ஸ்கேல் என் கையில் இருந்தது. அடித்தேன். நீட்டச் சொல்லித்தான் அடித்தேன், அவளும் நீட்டினாள். அவள் நீட்டியது வலது கை. நாலு மாதம் பயறு மணி பொறுக்கி நாங்கள் திரும்ப வாங்கிய கை.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று ராஜன் சொன்னார். இதைப் படிக்கிற யாராவது ஒருவர் இன்று அந்த ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காக எழுதுகிறேன்.

அடுத்த வாரம் வழக்கமான பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் கையைப் பார்த்தார், நடக்கச் சொன்னார், திருப்தியாகத் தலையாட்டினார். எழுந்து கிளம்பும்போது ராஜன், என்னை முந்திக்கொண்டு, அபூர்வமாக வாயைத் திறந்தார். "டாக்டர், பிள்ளைக்கு எல்லாம் தெரியும். ஆனா செய்யல்ல." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களை மறுபடி உட்காரச் சொன்னார்.

அவர் அனுப்பியது நரம்பு உளவியலாளரிடம் (மூளைக் காயத்துக்குப் பின் நினைவு, கவனம், சிந்தனை எப்படி இயங்குகின்றன என்று சோதிப்பவர்). இளம்பெண், பாலக்காட்டுப் பக்கம், தமிழும் சரளமாகப் பேசினார். இரண்டு நாள் அட்டைகளும் படங்களும் கட்டைகளுமாகச் சோதித்தார். இரண்டாம் நாள் முடிவில் என்னையும் உள்ளே கூப்பிட்டு ஒரு மூலையில் உட்கார வைத்தார். "எதுவும் பேசாதீங்க, சேச்சி" என்றார். என்னை ஒரே பார்வையில் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மேசை மேல் எலுமிச்சம்பழத் துண்டு, தம்ளர், தண்ணீர்ப் பாட்டில், சீனி டப்பா, ஸ்பூன். "அபிஷாவுக்கு நாரங்கா வெள்ளம் போடத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றாள். எலுமிச்சையைப் பிழியணும், தண்ணி விடணும், சீனி போடணும், கலக்கணும், குடிக்கணும். வரிசை தப்பாமல் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"செஞ்சு காட்டு பார்ப்போம்."

பிழிந்தாள். தண்ணீர் விட்டாள். சீனி டப்பாவின் மூடியைத் திறந்தாள். மூடி கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று மேசையைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பினார்கள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த மூடியைப் பார்த்தாள். அவ்வளவுதான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மூடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், காலுறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே முகத்தோடு. எனக்கு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது: சீனி, மக்கா, சீனி.

கடைசியில் உளவியலாளர் மென்மையாக "அடுத்தது?" என்றார். உடனே சீனியை எடுத்துப் போட்டுக் கலக்கினாள்.

அவளை வெளியே அப்பாவிடம் அனுப்பிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "நேத்து இதையே மலையாளத்துல சொல்லிச் செய்ய வெச்சேன். இன்னிக்குத் தமிழ்ல. ரெண்டுலயும் ஒரே எடத்துலதான் நின்னா, சேச்சி. சீனிகிட்ட."

பள்ளி மாற்றிய கதையைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் சண்டைபோட்டுத் தப்பித்திருப்பேன். "அபிஷாவோட அறிவுக்கும் நினைவுக்கும் பெரிய குறை இல்ல. அடிபட்டது செயலாட்சித் திறன்" என்றார் (ஒரு வேலையைத் தொடங்குவது, வரிசையை மனதில் பிடித்துவைப்பது, குறுக்கே வருவதை ஒதுக்குவது, அடுத்ததற்கு நகர்வது, தேவையான இடத்தில் நிறுத்துவது, இத்தனையையும் நடத்தும் திறன்). மூளையின் முன்பகுதிக்கும் அவளுக்கு அடிபட்ட அந்த ஆழத்து முடிச்சுகளுக்கும் நடுவே ஓடும் நரம்புப் பாதைகள்தான் இதைச் செய்கின்றனவாம். வலது கைக்குப் போகும் பாதை அருகிலேயே ஓடுகிறது. கை கண்ணுக்குத் தெரிந்ததால் எல்லோரும் கையைப் பார்த்தோம்.

"அப்ப அந்த வசனம்?" என்றேன். "பன்னெண்டு வசனம் ஒண்ணு விடாம சொன்னாளே?"

"அது முன்னாடியே ஓடிப் பழகின பாதை. ஒரு வரி அடுத்த வரிய இழுத்துட்டு வரும், யாரும் ஓட்ட வேண்டாம். நாரங்கா வெள்ளத்துக்கு உள்ள ஒரு ஆள் நின்னு 'அடுத்தது, அடுத்தது'ன்னு சொல்லணும். அபிஷாவுக்கு அந்த ஆள்தான் அசந்து போறா."

எனக்கு அது சட்டென்று விளங்கியது. துணி, நூல், ஊசி எல்லாம் சரியாக இருந்தும் பெல்ட் நழுவினால் மெஷின் நின்றுவிடும். நான் நாலு மாதமாகத் துணியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்ன இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். இந்தக் குறை பிள்ளை வளர வளரத்தான் அதிகம் வெளியே தெரியும். மூன்றாம் வகுப்பில் டீச்சர் "அடுத்தது" என்று சொல்லிக்கொடுப்பார், ஏழாம் வகுப்பில் பிள்ளையே சொல்லிக்கொள்ள வேண்டும். குணமாகிவிடுமா என்று கேட்டேன். கொஞ்சம் மேம்படும், மீதிக்கு வழி பழக வேண்டும் என்றார். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அபிஷா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் அவள் வலது உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு பாலராமபுரம் முதல் அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்காமல் ராஜனிடம் போய்விட்டார்.

பழைய பள்ளியில் திரும்பச் சேர்த்தோம். வகுப்பு டீச்சரிடம் உளவியலாளர் எழுதிக்கொடுத்த தாளோடு போய், என் தவறையும் சொன்னேன். முன் பெஞ்சு, ஜன்னல் இல்லாத பக்கம். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. பரீட்சையில் கூடுதல் நேரம். ஆரியா பக்கத்தில். முதல் நாளே முழங்கை இடி ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

வீட்டில் குளியலறைக் கதவிலும் கட்டில் பக்கத்திலும் படம் வரைந்த அட்டைகளை ஒட்டினோம்: சட்டை, பாவாடை, காலுறை, செருப்பு, பை. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவளே ஒரு துணிக் கிளிப்பை அடுத்த படத்துக்கு நகர்த்த வேண்டும். எந்தப் படம் எங்கே வரவேண்டும் என்று அவளே முடிவு செய்தாள். உளவியலாளர் அதில் கறாராக இருந்தார். அம்மா போட்ட வரிசை அம்மாவுக்குத்தான் உதவும் என்றார். கட்டங்களுக்கு நான் கோடு போட்டேன், அந்த மர ஸ்கேலை வைத்துத்தான். வேறு ஸ்கேல் வீட்டில் இல்லை.

கோடு போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். "அன்னைக்கு அம்மா அடிச்சேன் இல்லையா மக்கா. அது அம்மாவுக்க தப்பு. நீ மடிச்சி இல்ல, ஒனக்கு சோம்பலே இல்ல."

அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஓர்மை உண்டு" என்றாள், சாதாரணமாக. அவளுடைய நினைவுக்குக் குறை இல்லை என்று உளவியலாளர் சொன்னது சரிதான்.

எனக்கு ஆன வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். வாயை மூடிக்கொண்டிருப்பது. கேட்டால் சின்ன விஷயம். சீனியை எடுத்துப் போட எனக்கு ஒரு நொடி ஆகும். நான் போட்டால் அவளுக்குள் அசந்துபோன ஆள் எழுந்திருக்கவே மாட்டாள். பிள்ளை மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, வெறும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து பாருங்கள். பல்லைக் கடித்துக் கடித்தே என் பல் தேய்ந்தது அந்த வருடம்தான். தோற்ற நாட்களும் உண்டு. கத்திவிட்டு மெஷினில் தலை கவிழ்ந்திருந்த நாட்கள். இதேபோன்ற ஒரு வீட்டில் நீங்களும் இருந்தால், அந்த நாட்களுக்காக உங்களை நீங்களே தூக்கில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

இப்போது அபிஷாவுக்குப் பதினொன்று. ஆறாம் வகுப்பு. கணக்கில் பின்தங்கித்தான் இருக்கிறாள். கூட்டமும் சத்தமும் இருந்தால் தளர்ந்து போகிறாள். புது வசனம் படிக்க மூன்று மடங்கு நேரம் ஆகிறது, போன வருடம் இரண்டு வசனம் சொன்னாள். அந்த இரண்டும் நோய்க்குப் பிறகு படித்தவை. சபையில் யாரும் அழவில்லை, எனக்கு மட்டும்தான் அடக்க முடியவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம், மறுபடி யூனிஃபாம் காலம். "அம்மா, நாரங்கா வெள்ளம் போடட்டா?" என்று கேட்டாள். கல்யாண பிளவுஸ் ஒன்றுக்கு ஆள் ஐந்து மணிக்கு வருவதாக இருந்தது. போடு என்றேன்.

சமையலறைக்கு எனக்கு முதுகு. எலுமிச்சை பிழிவதற்குச் சத்தம் கிடையாது, அதனால் ஒன்றும் கேட்காதபோது பிழிந்துகொண்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சீனி டப்பாவின் தகர மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

என் கால் மெஷினில் தானாக நின்றது. கை சக்கரத்தின் மேல் இருந்தது. சாலையில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். அவர் கோயில் திருப்பம் வரை போய்ச் சேரும் சத்தம் கேட்டது. முன்பு அந்த நேரத்தில் பிளவுஸின் ஒரு கையை முழுக்க மூட்டியிருப்பேன். நான் திரும்பவில்லை.

"சொல்லாத அம்மா" என்றாள் உள்ளேயிருந்து. "நான் யோசிக்கேன்."

"நான் ஒண்ணும் சொல்லல்ல மக்கா."

"மூடிய இஞ்ச வைக்கேன்" என்று தனக்குத்தானே சொல்வது கேட்டது. மேசையில் தகரம் படுகிற சத்தம். "அடுத்தது சீனி."

தம்ளரில் ஸ்பூன் சுற்றத் தொடங்கியது. வலது கையா, இடது கையா என்று எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை.